தட்டச்சுப்பொறி முதல் மடிக்கணினி வரை



கணினி கற்றால் வேலை கிடைக்கும் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். வகுப்பறைக்குள் எந்தக் கருவி வந்தது என்பதோடு இந்த வரலாறு முடிந்துவிடாது. கற்றவர் வேலைக்குப் போகும் வாசலை யார் காவல் காத்தார்கள் என்பதும் அதில் சேரும்.

1942இல் வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினரான அண்ணல் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்கக் கேட்டார். அரசுப் பணிகளில் பங்கும் கேட்டார். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு ஒதுக்கீடும், 1944இல் உயர்கல்வி உதவித்தொகையும் வந்தன. பயிற்சியையும் பணியையும் அவர் ஒரே கோரிக்கையாகவே வைத்தார்.

அந்த இணைப்பு தட்டச்சுப்பொறிக் காலத்தில் வேலை செய்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்த சேரிப் பெண் ஒருவர் தேர்வாணையத் தேர்வு எழுதி, இனச்சுழற்சி முறையில் அரசு அலுவலகத்துக்குள் நுழைய முடிந்தது. அங்கும் சாதி இருந்தது. ஆனாலும் நுழைவதற்கு ஒரு விதி இருந்தது, விதி மீறப்பட்டால் கேள்வி கேட்க முடிந்தது.

கணினி வேறொரு காலத்தில் வந்தது. 1984இல் ஒன்றிய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தின்கீழ், தேர்ந்தெடுத்த சில பள்ளிகளுக்கு பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகளைத் தந்தது. அதே காலத்தில் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை அனுமதித்தது. 1991க்குப் பின் கணினி வேலைகள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களில் உருவாயின. அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசுப் பணிக்கு மட்டுமே பொருந்தும். கருவி நம் கைக்கு வரத் தொடங்கிய வேளையில், வேலையின் வாசல் இடஒதுக்கீட்டின் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2011இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. இவை சிறிய காரியங்கள் அல்ல. 2017-18இன் தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடம் மட்டுமே கணினி இருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கூலித் தொழிலாளியின் மகள் தன் வீட்டுத் திண்ணையில் கணினியைத் திறந்தது பெரிய மாற்றம். ஆனால் அவள் வேலை கேட்டுப் போன இடத்தில் என்ன நடந்தது?

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம், உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குதான். தமிழ்நாட்டில் பெயரோடு சாதி ஒட்டியிருப்பதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டின் கொடை அது. அதனால் இங்கே வடிகட்டல் நேர்முகத் தேர்வில் நடக்கிறது. அப்பா என்ன வேலை, எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்கிறார்கள். தில்லி வட்டாரப் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்த சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும், ‘குடும்பப் பின்னணி’ என்ற அளவுகோல் தகுதி என்ற பெயரில் எப்படிப் புழங்குகிறது என்று அதே ஆண்டு எழுதினார்கள். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை, ஆங்கிலம் பேசும் தொனியில் தோற்கடிக்கப்படுகிறது. பிறகு அதற்குத் ‘திறன் போதாமை’ என்று பெயர் வைக்கிறார்கள்.

2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம்வரை, பயிற்சியின் செலவை அரசு ஏற்கிறது. 2000இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவைக் கட்டியதும் அரசு நிறுவனங்கள்தான். பொதுப்பணத்தில் வளரும் துறை பொது நீதிக்கு மட்டும் விலக்குக் கேட்பது என்ன நியாயம்?

மாணவ நண்பர்களே, கணினியைக் கற்காதீர்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே, வளாகத் தேர்வுக்கு வரும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை எடுத்தது என்ற கணக்கை வெளியிடக் கோருங்கள். தனியார் துறை இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கான போராட்டத்தை அந்தக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 1942இல் அண்ணல் ஒன்றாகக் கேட்ட இரண்டில், ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு நாம் திரும்பிவிட முடியாது.

ஜெய் பீம்.