கடல் கடந்த காலாட்படை

1914ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி பெருங் கப்பற்கூட்டமொன்று கொழும்பை வந்தடைந்தது. அக்கப்பல்களிலே அவுஸ்திரேலியாவையும் நியூசீலாந்தையும் சேர்ந்த ஏறக்குறைய 30,000 போர்வீரர் இருந்தனர். மூன்று திங்களுக்கு முன்னர் அவர்களிற் பலர் ஆட்டு மந்தை மேய்த்தவர், சுரங்கத்தில் உழைத்தவர், கந்தோரிற் கணக்கெழுதியவர்.

இவர்கள் கட்டாயத்தாற் சேர்க்கப்பட்டவரல்லர்; தாமாக முன்வந்தவர். முதலிற் சேர்ந்த அவுஸ்திரேலியன் 5 அடி 6 அங்குல உயரமேனும் உடையவனாயிருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டே அவ்வளவு 5 அடி 2 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. போர் எத்துணை விரைவில் மனிதரை விழுங்கிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அவனுக்கு நாளொன்றுக்கு ஆறு சிலிங் சம்பளம்.

மெல்பேர்ண் நகருக்கு அண்மையிலுள்ள புரோட்மெடோசு போன்ற கூடார முகாம்களிற் சில வாரம் அணிநடையும் துப்பாக்கிப் பயிற்சியும் பெற்ற பின்னர், அவன் கப்பலேறினான். மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனித் துறையிலே கூடிய கப்பல்கள் நவம்பர் முதலாந் திகதி புறப்பட்டன.

வழியில் அவர்களுக்கிருந்த பேரச்சம் எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பல். செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு சென்னையைக் குண்டுவீசித் தாக்கி எண்ணெய்த் தாங்கிகளை எரித்த கப்பல் அதுவே. வல்லாளனையும் சூழ்ச்சிக்காரனையும் 'எம்டன்' என்று தமிழர் கூறும் வழக்கு அதனாலெழுந்தது. நவம்பர் 9ஆந் திகதி, காவலுக்கு வந்த சிட்னி என்னும் போர்க்கப்பல் கொக்கோசுத் தீவருகே எம்டனை எதிர்த்து அழித்தது. எம்டனில் 130க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வென்ற சிட்னி, காயமுற்ற பகைவரை ஏற்றிக்கொண்டு கொழும்பிலே படைக்கப்பல்களைக் கடந்து சென்றது. வீரர் கூடிநின்று பார்த்தனர். ஆயினும் ஆரவாரம் எழவில்லை. துன்புற்றுக் கிடப்போர் முன் வெற்றிக்குரல் எழுப்பலாகாதெனக் கப்பற்றலைவர் கிளொசொப் கேட்டிருந்தார். போரைக் கண்ணாற் காணாத இளைஞர் போரின் விலையை முதன்முதல் உணர்ந்தது அவ்வமைதியிலே எனலாம்.

இங்கிலாந்திற் பயின்று பிரான்சிற் போரிடுவோமென்றே அவர்கள் எண்ணியிருந்தனர். ஆனால் துருக்கி பகைவருடன் சேர்ந்துவிட்டது. இங்கிலாந்திலே முகாம்களும் போதிய அளவில் ஆயத்தமாகவில்லை. எனவே நவம்பர் இறுதியில், எகிப்திலே இறங்குக என்னும் கட்டளை நடுக்கடலில் வந்தது.

கெய்ரோவுக்கு அருகே, பிரமிட்டுகளின் அடிவாரத்திலுள்ள மேனா முகாமில், அவுஸ்திரேலியக் காலாட்படை வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமற் பயின்றது. முதுகிலே முழுச்சுமை, காலடியிலே புதைமணல். வியர்வையில் நனைந்த உடலிற் பாலைவனக் குளிர்காற்றுப் பட, நுரையீரற் சன்னி கண்டு சிலர் இறந்தனர். போர்க்களங் காணுமுன்னரே அவர்களுக்குப் புதைகுழி வாய்த்தது.

1915 ஏப்ரில் 25ஆந் திகதி, விடியுமுன் இருளிலே, படகுகள் துருக்கியின் கலிப்போலிக் கரையை நெருங்கின. சமமணலிற் பயின்ற வீரனுக்கு முன்னே செங்குத்தான குன்றுகளும் முட்புதர்களும் நின்றன. வெளிச்சம் வருமட்டும் சுடலாகாது, துப்பாக்கிமுனைக் கத்தியே துணை என்பது கட்டளை. அவன் ஏறினான், ஆனால் உச்சிகளைப் பற்றி நிற்க இயலவில்லை. எட்டு மாதத்தின் பின் அப்படை அக்கரையைவிட்டு நீங்கியது. அதற்குள் 8,000க்கு மேற்பட்ட அவுஸ்திரேலியரும் ஏறக்குறைய 2,700 நியூசீலாந்தரும் உயிர் துறந்தனர்.

போர்வீரன் ஒரு போருக்கெனப் பயில்கின்றான். வேறொரு போருக்குள் இறக்கப்படுகின்றான். செல்லும் திசையைத் தெரிவு செய்யும் உரிமை அவனுக்கில்லை. பயிற்சி அவனுக்குத் தந்தது நிலத்தின் அறிவன்று. அருகில் நிற்பவன்மேற் கொண்ட நம்பிக்கையே. கொழும்பிலே அன்று மௌனமாய் நின்ற இளைஞரிற் பலர் தாயகம் திரும்பவில்லை. பகைவனின் துன்பத்துக்கு அவர்கள் செலுத்திய அவ்வமைதி, அவர்களது வரலாற்றில் வெற்றிக்கு நிகரான ஓர் இடத்தைப் பெறுகின்றது.