தமிழிசையின் அடிப்படைகள்

தமிழிசையின் அடிப்படைகள் எனப்படுபவை சுருதி, சுரம், பாலை, இராகம், தாளம் என்பனவும் அவற்றை வகைப்படுத்தும் முறைகளுமாகும். கொழும்பு ஜிந்துப்பிட்டி சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் பூசைவேளையில் ஒலிக்கும் நாதசுரமும் தவிலும், அக்கோயிலைச் சூழ்ந்த தெருக்களின் பிள்ளைகள் பாடசாலையில் சங்கீத பாடமாகக் கற்பனவும் இவற்றின்மீதே அமைந்தவை.

பாடுவோர் தம் குரலுக்கு இசைய நிலையாகக் கொள்ளும் ஆதார ஒலி சுருதியாகும். அதனைத் தம்புராவோ சுருதிப்பெட்டியோ, நாதசுரத்துக்கு ஒத்தோ இடைவிடாது தந்துகொண்டிருக்கும். அவ்வொலியைச் சட்ஜமாகக் கொண்டு அதன் இருமடங்கு அதிர்வெண்ணுடைய மேற்சட்ஜம் வரையுள்ள பரப்பு ஸ்தாயி எனப்படும். அதனுள் அமையும் ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு சுரங்களைப் பண்டைத் தமிழர் முறையே குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என வழங்கினர். நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளியும், நான்கில் மூன்று பங்கை மீட்டினால் உழையும் பிறக்கும். இவ்விகிதங்களைக் கிரேக்கத்தில் பிதாகரசின் வழிவந்தோரும் அறிந்திருந்தனர். தமிழ் நூலோர் அவற்றோடு நில்லாது, ஒரு நரம்புக்கு, அதாவது சுரத்துக்கு, ஐந்தாவதைக் கிளை என்றும் நான்காவதை நட்பு என்றும் மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் உறவுமுறை வகுத்தனர்.

இவ்வகுப்பு முழுமை பெறுவது ஏழ்பெரும்பாலைகள் எனப்படும் ஏழு சுரவரிசைகளிலாகும். சிலப்பதிகார உரைமரபு குரல் முதலாகிய ஏழுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகளைத் தருகிறது. அலகு என்பது சுர இடைவெளியின் நுண்ணளவு; ஒரு ஸ்தாயியில் அவை 22 ஆகும். இவ்வாறு அமைந்த செம்பாலை இன்றைய அரிகாம்போதியாகும். அதன் நரம்புகளை மாற்றாது, ஒவ்வொரு நரம்பையும் புதிய குரலாகக் கொண்டு தொடங்கினால் வேறு வேறு பாலைகள் தோன்றும். துத்தம் குரலாகப் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி, தோன்றும்; உழை குரலாக அரும்பாலையாகிய சங்கராபரணமும், இளி குரலாகக் கோடிப்பாலையாகிய கரகரப்பிரியாவும், விளரி குரலாக விளரிப்பாலையாகிய தோடியும், தாரம் குரலாக மேற்செம்பாலையாகிய கல்யாணியும் கிடைக்கும். கைக்கிளையிலிருந்து பிறக்கும் செவ்வழிப்பாலைக்குப் பஞ்சமம் இல்லாமையால் அது தாய் இராகங்களாகிய 72 மேளங்களுள் இடம்பெறவில்லை. ஒரே யாழில் ஏழு பாலைகளைக் கண்ட இம்முறை தமிழரின் இசையறிவுக்குத் தலையாய சான்றாகும்.

இத்துறையில் இன்றைய அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் பணி தனிச்சிறப்புடையது. அறிவியலும் கணிதமும் கற்ற அவர், சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளை விகிதக் கணக்கின் வழி ஆராய்ந்து, மறைந்துபோன யாழ்க்கருவிகளின் அமைப்பை மீட்டெடுக்க முயன்றார். கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அவரது யாழ் நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் கொழும்பில் காலமானார். அவருக்கு முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் இசைநூலை வெளியிட்டிருந்தார்.

இராகம் என்பது சுரங்கள் ஏறியும் இறங்கியும் அசைந்தும் பெறும் தனி வடிவமாகும். ஏழு நரம்புடையதைப் பண் என்றும் ஆறுடையதைப் பண்ணியத்திறம் என்றும் ஐந்துடையதைத் திறம் என்றும் நான்குடையதைத் திறத்திறம் என்றும் பழைய நூல்கள் பிரித்தன. சுவாமி வெளிவீதி புறப்படும்போது நாதசுரத்தில் வாசிக்கப்படும் மல்லாரியின் இராகமாகிய கம்பீரநாட்டை, ச, க, ம, ப, நி என்னும் ஐந்து சுரங்களால் ஆனமையால் திறம் என்னும் வகையைச் சேரும். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி 12 சுரநிலைகளுக்கு 16 பெயரிட்டு 72 மேளகர்த்தாக்களை வகுத்தார். சுத்த மத்திமத்தில் 36, பிரதி மத்திமத்தில் 36. தொடக்க மாணவர் பயிலும் சரளி வரிசை அவற்றுள் 15 ஆவதாகிய மாயாமாளவகௌளையில் அமைந்தது.

தாளம் காலத்தை அளப்பது. ஏழு தாளங்கள் ஐந்து சாதிகளால் 35 ஆகின்றன. ஆதிதாளம் சதுரச்ர சாதித் திரிபுடையாகும், எட்டு அட்சரம் கொண்டது.

இன்று இலங்கையில் இவை க.பொ.த. பரீட்சைகளுக்கும் வட இலங்கைச் சங்கீத சபையின் தரத் தேர்வுகளுக்கும் யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்புகளுக்கும் பாடமாக உள்ளன.