ஜீட்டர் கடிதத்துக்கு ஓர் உரை

1987 ஏப்ரல் ‘லோகஸ்’ அறிபுனை இதழில் எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டரின் கடிதம் ஒன்று வெளியானது. சில வரிகள்தான். நீராவிக் காலத்தை மறுகற்பனை செய்யும் புனைவுகளுக்கு ஸ்டீம்பங்க் என்ற பெயர் பிறந்தது அதில்தான்.

முதலில், தம் 1979 நாவலான ‘மார்லாக் நைட்’டை உடன் அனுப்புவதாகச் சொல்கிறார். டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக், தாம் என்ற மூன்று எழுத்தாளர்களில் இந்தப் பாணியை யார் தொடங்கியது என்ற வழக்குக்கு அது சாட்சியாம். பாதி விளையாட்டு, பாதி உரிமைக்குரல். எச். ஜி. வெல்ஸ் 1895இல் படைத்த எதிர்கால இனமான மார்லாக்குகள் கால இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு லண்டனுக்குள் நுழைவதே அந்த நாவல். வெல்ஸ் தம் காலத்தில் நின்று முன்னே பார்த்தார். ஜீட்டர் திரும்பிப் பார்த்தார். ஆகவே வெல்ஸும் ஜூல் வெர்னும் ஸ்டீம்பங்க் ஆகமாட்டார்கள். (வெர்னின் நாட்டிலஸ் நீர்மூழ்கி ஓடுவதே மின்சாரத்தில்!)

விக்டோரியக் கற்பனைகளே அடுத்த பேரலை என்கிறார் அடுத்து. பலித்தது.

பிறகுதான் கடிதத்தின் உயிர்நிலை: மூவருக்கும் பொதுப்பெயர் வேண்டும், அது அக்காலத் தொழில்நுட்பத்தை ஒட்டியிருக்கட்டும். பின்வந்தோர் இதையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். நீராவியும் பித்தளையும் ஸ்டீம்பங்க்; இரு உலகப்போர்க் காலத்து எஞ்சின்கள் டீசல்பங்க்; 1945க்குப் பிந்தைய அணுசக்திக் கனவு ஆட்டம்பங்க். ஆனால் இயந்திரத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். வான்கப்பல் முதல் இரண்டிலும் பறக்கிறது. ஸ்டீம்பங்கில் அது பெரும்பாலும் சாகசப் பயணம். டீசல்பங்க் வான்கப்பலோ 1915இல் செப்பலின்கள் லண்டன்மீது குண்டு வீசியதை அறிந்தது. ஆட்டம்பங்க் வகை வீடியோ விளையாட்டான ‘ஃபால்அவுட்’டிலும் அப்படித்தான்: அணுசக்தியில் ஓடும் கார், அதே அணுவால் சாம்பலான ஊர். அந்தக் காலம் எதை நம்பியது, எதற்கு அஞ்சியது என்று கேட்டால்தான் வகை பிடிபடும்.

கேசட், பழைய கணினிக் காலத்துச் சாயலில் எதிர்காலத்தைக் காட்டும் கேசட் ஃப்யூச்சரிசத்துக்கோ இந்தக் கேள்வியும் போதாது. 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் கணினித் திரைகள் அன்றைக்கு மெய்யான எதிர்காலம். அதே பழைய திரைகளை 2014இல் ‘ஏலியன்: ஐசொலேஷன்’ விளையாட்டு வேண்டுமென்றே வைத்தபோது அது ரெட்ரோ. பொருள் ஒன்றுதான், பார்க்கும் ஆண்டு வேறு.

கடைசியில், ‘ஸ்டீம்பங்க்ஸ்’ என்று வைக்கலாமோ என்று ஐயத்தோடு முடிக்கிறார். அப்போது பேச்சாயிருந்த கணினி யுக அறிபுனை வகையான சைபர்பங்கைச் சீண்டும் கேலி அது. ஐயத்தை உதிர்த்துவிட்டு உலகம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் பவர்ஸின் ‘தி அனுபிஸ் கேட்ஸ்’ நாவலின் பெரும்பகுதி நடப்பது 1810இல். விக்டோரியா அரியணை ஏறியதோ 1837இல். கதையை ஓட்டுவதும் நீராவி அல்ல, மாந்திரீகம். அளவெடுத்த மூவரில் ஒருவருக்கே சட்டை பொருந்தவில்லை.