விளையாட்டுக் கணினி

விளையாட்டுக் கணினி என்பது முப்பரிமாணக் கணினி விளையாட்டுகளைத் தடங்கலின்றி இயக்குவதற்கு ஏற்றவாறு பாகங்கள் தெரிவு செய்யப்பட்ட மேசைக் கணினி அல்லது மடிக்கணினி ஆகும். அடிப்படை அமைப்பில் இது அலுவலகக் கணினியிலிருந்து வேறுபட்டதன்று. தனியான வரைகலை அட்டையும், அதற்கு ஈடுகொடுக்கும் மின்வழங்கியும், குளிர்விப்பு ஏற்பாடும் இருப்பதே இதன் முதன்மையான வேறுபாடு ஆகும். மிக உயர்ந்த விலையுள்ள பாகங்களைத் தவிர்த்து, பெரும்பாலான விளையாட்டுகளைச் சாதாரணத் திரையில் நல்ல தரத்தில் இயக்கும் கணினி இடைநிலை விளையாட்டுக் கணினி எனப்படுகின்றது.

விளையாட்டுக் கணினியின் வேகத்தை அதன் மிக விலையுயர்ந்த பாகம் தீர்மானிப்பதில்லை. மிகவும் பின்தங்கும் பாகமே தீர்மானிக்கின்றது. எனவே மட்டான செலவில் கணினி வாங்குபவருக்குச் சிறந்த பாகங்களைத் தேடுவதைவிட, ஒன்றுக்கொன்று பொருந்தும் பாகங்களைத் தேடுவதே பயன் தரும்.

வரலாறு

1993 இல் வெளிவந்த டூம் போன்ற விளையாட்டுகளில் காட்சி வரையும் வேலை முழுவதையும் மையச் செயலகமே செய்தது. 1996 இல் திரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ அட்டை இந்நிலையை மாற்றியது. அது முப்பரிமாணக் காட்சியை மட்டுமே வரைந்தது. சாதாரணத் திரைக்காட்சிக்கு வேறோர் அட்டையும் தேவைப்பட்டது. 1999 இல் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 என்னும் அட்டையை வெளியிட்டு, அதிலிருந்த சில்லை வரைகலைச் செயலகம் என்னும் பொருள்பட ஜிபியு என்று விளம்பரப்படுத்தியது. மற்றொரு முதன்மை உற்பத்தியாளரான ஏடிஐ நிறுவனத்தை 2006 இல் ஏஎம்டி வாங்கியது. 2018 இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணித்துக் காட்சி வரையும் கதிர்த் தடமறிதல் முறைக்கான தனிச் சுற்றுகளை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது.

பாகங்களின் விலை விளையாட்டுடன் தொடர்பில்லாத காரணங்களாலும் மாறுகின்றது. 2020 முதல் 2022 வரை, சில்லுத் தட்டுப்பாட்டாலும் எண்மப் பணம் ஈட்டுவோர் வாங்கிக் குவித்ததாலும் வரைகலை அட்டைகளின் விலை பெரிதும் உயர்ந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் வலையமைப்பு அட்டைகள் தேவைப்படாத முறைக்கு மாறியது. 2025 இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது.

இயங்கும் முறை

விளையாட்டின் அசைவு என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் அசையாப் படங்களின் தொடர் ஆகும். இப்படம் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமெனில் ஒரு சட்டகத்தை ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் முடிக்க வேண்டும். 144 சட்டகங்கள் வேண்டுமெனில் 6.9 மில்லிநொடியே கிடைக்கும்.

ஒவ்வொரு சட்டகத்திலும் இரு வேலைகள் உள்ளன. எதிரி எங்கே நிற்கிறான், பந்து எங்கே விழுகிறது போன்றவற்றை மையச் செயலகம் கணிக்கின்றது. அவற்றைப் படமாக வரைவது வரைகலைச் செயலகத்தின் வேலை. வரைகலைச் செயலகம் ஒரு சட்டகத்தை வரையும்போதே மையச் செயலகம் அடுத்ததற்கான கணக்கைத் தொடங்கிவிடும். எனவே இரண்டில் மெதுவானது எதுவோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும்.

எடுத்துக்காட்டாக, மையச் செயலகத்துக்கு 10 மில்லிநொடியும் வரைகலைச் செயலகத்துக்கு 20 மில்லிநொடியும் தேவைப்பட்டால் நொடிக்கு 50 சட்டகங்கள் கிடைக்கும். மையச் செயலகத்தை மாற்றி 5 மில்லிநொடியாகக் குறைத்தாலும் அதே 50 சட்டகங்களே கிடைக்கும். செலவழித்த பணம் வீணாகும். மாறாக வரைகலை அட்டையை மாற்றி 20 ஐ 8 ஆகக் குறைத்தால் 100 சட்டகங்கள் கிடைக்கும். அதன்பின் தடையாக இருப்பது மையச் செயலகம் ஆகும்.

ஏற்கனவே உள்ள கணினியில் தடை எங்குள்ளது என்பதை எளிதாக அறியலாம். விளையாட்டின் அமைப்புகளில் பிரிதிறனைக் குறைத்துப் பார்க்கவேண்டும். சட்டகங்கள் பெருமளவு கூடினால் வரைகலை அட்டை தடையாக உள்ளது எனலாம். கூடாவிட்டால் பெரும்பாலும் மையச் செயலகமே தடை ஆகும்.

திரையும் பிரிதிறனும்

தெரிவைத் திரையிலிருந்து தொடங்குவது முறையாகும். ஏனெனில், ஒவ்வொரு சட்டகத்திலும் எத்தனை படவணுக்கள் வரையப்பட வேண்டும் என்பதைத் திரையே முடிவு செய்கின்றது.

- 1920 × 1080: 20,73,600 படவணுக்கள்
- 2560 × 1440: 36,86,400 படவணுக்கள்
- 3840 × 2160: 82,94,400 படவணுக்கள்

கடைகளில் 4கே எனப்படும் மூன்றாவது வகை, முதல் வகையைப் போல் சரியாக நான்கு மடங்கு ஆகும். இடைநிலைக் கணினிக்கு முதல் இரு வகைகளே ஏற்றவை. 60 எர்ட்சு திரையால் நொடிக்கு 60 முழுச் சட்டகங்களுக்கு மேல் காட்ட இயலாது என்பதால், அத்தகைய திரைக்கு மிக வலிமையான அட்டை வாங்குவதில் பயன் குறைவு.

முதன்மைப் பாகங்கள்

வரைகலை அட்டை: கடைகளில் கிராபிக்ஸ் கார்டு எனப்படுவது இதுவே. விளையாட்டுக் கணினியின் செலவில் மிகப்பெரிய பங்கு வழக்கமாக இதற்கே செல்கின்றது. அட்டையில் அதற்கெனத் தனி நினைவகம் உண்டு. 2023 முதல் வெளிவந்த சில பெரிய விளையாட்டுகள் உயர்ந்த தர அமைப்பில் 8 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வரைகலை நினைவகத்தைக் கேட்கின்றன. அது போதாதபோது சட்டகங்கள் திடீரெனத் திக்கும், அல்லது பரப்புகள் மங்கலாகத் தெரியும்.

மையச் செயலகம்: ஆறு கருக்கள் கொண்ட அண்மைக்காலச் செயலகம் இடைநிலைக் கணினிக்குப் பெரும்பாலும் போதுமானது. ஏஎம்டி ரைசன் 5 5600, பெயரில் எஃப் எழுத்துள்ள இன்டெல் செயலகங்கள் போன்றவற்றில் உள்ளமைந்த வரைகலை வசதி இல்லை. வரைகலை அட்டை இல்லாமல் இவற்றைக்கொண்டு திரையில் எதையும் காண இயலாது.

தாய்ப்பலகை: கடைகளில் மதர்போர்டு எனப்படும் இதன் பொருத்துவாய், செயலகத்துடன் ஒத்திருக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 பலகைகள் டிடிஆர்4 நினைவகத்தையும், 2022 இல் வந்த ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 நினைவகத்தையும் ஏற்கும். இவ்விரு நினைவகங்களின் வெட்டுகளும் வெவ்வேறு இடங்களில் உள்ளதால், ஒன்றை மற்றதன் வாயில் பொருத்த இயலாது.

நினைவகம்: ரேம் எனப்படும் இது 16 கிகாபைட்டுக்குக் குறையாதிருப்பது நன்று. 16 கிகாபைட்டு ஒரே துண்டாக இருப்பதைவிட 8 கிகாபைட்டுத் துண்டுகள் இரண்டாக இருப்பது சிறந்தது; அப்போது தரவு இரு தடங்களில் செல்லும்.

சேமிப்பகம்: எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டு, காட்சிகள் ஏற்றப்படும் நேரத்தைக் குறைக்கின்றது. 2023 இல் வெளிவந்த ஸ்டார்ஃபீல்டு விளையாட்டு இதனைக் குறைந்தபட்சத் தேவையாகவே அறிவித்தது. வன்தட்டைப் படங்கள், பாடல்கள் முதலியவற்றுக்குப் பயன்படுத்தலாம்.

மின்வழங்கி

எஸ்எம்பிஎஸ் என்று கடைகளில் அழைக்கப்படும் மின்வழங்கி, செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் கைவைக்கும் பாகமாக உள்ளது. இது சட்டகங்களைக் கூட்டுவதில்லை. ஆயினும் எல்லாப் பாகங்களுடனும் மின்னிணைப்பில் உள்ள பாகம் இது ஒன்றே ஆதலால், தரமற்ற மின்வழங்கி பழுதடையும்போது ஏனைய பாகங்களையும் கெடுக்கக்கூடும்.

தேவையான திறனைக் கூட்டிப் பார்க்கலாம். 2023 இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060 அட்டையின் மின்தேவை 115 வாட். அதே ஆண்டில் வந்த ரைசன் 5 7600 செயலகம் உச்சமாக 88 வாட் எடுக்கும். ஏனைய பாகங்களுக்கு 50 வாட் சேர்த்தால் ஏறத்தாழ 250 வாட் ஆகின்றது. எனினும் இந்த அட்டைக்கு என்விடியா 550 வாட் மின்வழங்கியைப் பரிந்துரைத்தது. மின்தேவை நொடிப்பொழுதில் திடீரென உயர்வதும், பயனர்களின் செயலகங்கள் வேறுபடுவதும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள் ஆகும்.

மின்வழங்கியின் ஒட்டுத்தாளில் 12 வோல்ட் வரிசையைத் தனியாகப் பார்க்க வேண்டும். செயலகமும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் அதிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. 12 வோல்ட்டில் 42 ஆம்பியர் என்றிருந்தால் அதன் திறன் 504 வாட் ஆகும். பெட்டியின்மேல் 500 வாட் எனப் பெரிதாக அச்சிட்டு, இவ்வரிசையில் 20 ஆம்பியர் மட்டும் தரும் மின்வழங்கியால் அட்டைக்கும் செயலகத்துக்கும் சேர்த்து 240 வாட் மட்டுமே தர இயலும்.

80 பிளஸ் என்னும் சான்று மின்சிக்கனத்தைக் குறிக்கின்றது. பாகங்களுக்கு 250 வாட் தர, 80 விழுக்காட்டுத் திறன் கொண்ட மின்வழங்கி சுவரிலிருந்து ஏறத்தாழ 313 வாட் எடுக்கும். 90 விழுக்காட்டுத் திறன் கொண்டது 278 வாட் எடுக்கும். மீதி வெப்பமாகின்றது. இச்சான்றை மட்டும் கொண்டு பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அறிய இயலாது.

மின்தடை மிகுந்த இடங்களில் யூபிஎஸ் வாங்குவோர், அதன் விஏ அளவும் வாட் அளவும் வேறு என்பதை நினைவில் கொள்ளவேண்டும். 600 விஏ எனக் குறிக்கப்பட்டவை பெரும்பாலும் 360 வாட் வரை மட்டுமே தாங்கும். திரையின் மின்தேவையும் இதில் அடங்கவேண்டும்.

பெயர்க் குழப்பங்கள்

ஒரே பெயரில் வெவ்வேறு வலிமையுள்ள பாகங்கள் விற்கப்படுவது, புதிதாக வாங்குபவர் ஏமாறும் இடங்களில் ஒன்றாகும். 2016 இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060 அட்டையின் 6 கிகாபைட்டு வகையில் 1280 கருக்களும், 3 கிகாபைட்டு வகையில் 1152 கருக்களும் இருந்தன. அதாவது நினைவகம் மட்டுமன்றிச் செயலகமும் சிறியதாக இருந்தது.

மடிக்கணினிகளில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4070 அட்டையில் 5888 கருக்களும் 12 கிகாபைட்டு நினைவகமும் உள்ளன. அதே எண்ணுடைய மடிக்கணினி வகையில் 4608 கருக்களும் 8 கிகாபைட்டும் மட்டுமே உள்ளன. மேலும் மடிக்கணினி உற்பத்தியாளர் ஒதுக்கும் வாட் அளவைப் பொறுத்தும் வேகம் மாறும்.

பழைய கணினியை மேம்படுத்தல்

அலுவலகக் கணினியில் வரைகலை அட்டை ஒன்றைச் சேர்ப்பது செலவு குறைந்த வழியாகும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வாய் மூலம் 75 வாட் வரை அட்டைக்குக் கிடைக்கும். அதற்கு மேற்பட்டால் மின்வழங்கியிலிருந்து தனிக்கம்பி தேவை. ஆறு முனை இணைப்பு 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தரும். நிறுவனங்கள் பொருத்தி விற்ற சில கணினிகளில் மின்வழங்கியின் இணைப்புகள் பொது வடிவில் இல்லாமையால், அதனை மாற்றுவது கடினமாகலாம். பெட்டியின் உள்நீளத்தையும் அளந்து பார்க்கவேண்டும்.

2022 இல் வெளிவந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டை தாய்ப்பலகையுடன் நான்கு தடங்களால் மட்டுமே இணைந்தது. இதனால் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் வாயுள்ள பழைய பலகைகளில் அதன் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. மலிவான புதிய அட்டை பழைய கணினிக்கு எப்போதும் பொருந்தும் எனக் கருதவியலாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பயன்படுத்திய அட்டை வாங்குவோர் வலிமையுடன் வசதியையும் கவனிக்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்டு த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகியவை கதிர்த் தடமறிதல் வசதியைக் கட்டாயமாக்கின. ஒருகாலத்தில் மிக உயர்ந்ததாக விளங்கிய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அட்டையில் இதற்கான வன்பொருள் இல்லை. விற்பவர் சொல்லும் பெயரைச் சரிபார்க்க ஜிபியு-இசட் போன்ற இலவச மென்பொருள்கள் உதவும். விளையாட்டு ஒன்றைச் சிறிது நேரம் இயக்கிப் பார்த்து வாங்குவது நன்று.

பொதுவான தவறுகள்

பின்வருவன பணம் செலவழித்த பின்னும் கணினியை மெதுவாக்கும் தவறுகள் ஆகும். இவற்றைச் செலவின்றித் திருத்தலாம்.

- திரையின் கம்பியை வரைகலை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகுதல்.
- 144 எர்ட்சு திரையை இயங்குதள அமைப்பில் 60 எர்ட்சிலேயே விட்டுவிடுதல்.
- நினைவகத்தின் முழு வேகத்தைத் தரும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் பயாஸில் இயக்காதிருத்தல்.
- இரு நினைவகத் துண்டுகளை, தாய்ப்பலகைக் கையேட்டில் கூறப்பட்ட வாய்களில் பொருத்தாமை.
- பெட்டியின் முன்பக்கத்தைச் சுவரோடு அல்லது துணியால் மறைத்துக் காற்றோட்டத்தைத் தடுத்தல்.

தெரிவு செய்யும் ஒழுங்கு

1. விளையாட விரும்பும் விளையாட்டுகளையும், அவற்றின் வெளியீட்டாளர் அறிவித்த தேவைகளையும் குறித்துக்கொள்ளல்.
2. திரையின் பிரிதிறனையும் புதுப்பிப்பு வீதத்தையும் முடிவு செய்தல்.
3. அதற்கேற்ற வரைகலை அட்டையைத் தெரிதல்.
4. அந்த அட்டையைக் காக்கவைக்காத மையச் செயலகத்தைத் தெரிதல்.
5. தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றைப் பொருத்தம் பார்த்துச் சேர்த்தல்.
6. மின்தேவையைக் கூட்டி, அதற்குப் போதிய இடைவெளியுடன் மின்வழங்கியைத் தெரிதல்.
7. மொத்தத் தொகை மிகுந்தால் மின்வழங்கியைக் குறைக்காமல், அட்டையையோ பிரிதிறனையோ ஒருபடி குறைத்தல்.

சென்னையின் ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தைகளில் பாகங்களைத் தனித்தனியாக வாங்க இயலும். மொத்தமாகப் பொருத்தி வாங்கும்போதும், ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் வரிசை எண்ணும் விலைச்சீட்டில் இடம்பெறச் செய்வது உறுதிக்காலத்தில் பழுது நேர்ந்தால் உதவும். "16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ்" என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டைக்கொண்டு எந்தப் பாகம் விற்கப்பட்டது என்பதை அறிய இயலாது.

இவற்றையும் பார்க்க

- வரைகலைச் செயலகம்
- மையச் செயலகம்
- தாய்ப்பலகை
- மின்வழங்கி
- கணினி விளையாட்டு