ஸ்பார்க் பிளக், பிளக் வயர் மாற்றுதல்

பெட்ரோல் என்ஜினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். அதற்குப் பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பது பிளக் வயர். இரண்டையும் மாற்றிப் பழக, 1983-இல் வந்து 2014-இல் தயாரிப்பு நின்ற மாருதி 800-இன் கார்புரேட்டர் மாடல் அருமையான வண்டி. மூன்றே சிலிண்டர்தான்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை கெட்டுவிடும். செலவு பிளக் விலையைப் போல் பல மடங்காகும்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லா வயரையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடுகிறார்கள். வரிசை மாறினால் என்ஜின் திணறும், ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவது நல்லது. வயரை இழுக்காமல், ரப்பர் மூடியைப் பிடித்து லேசாகத் திருகி எடுக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடாமல் கழற்றினால் அது சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்கை உடனே எறிந்துவிடக் கூடாது. என்ஜினின் உடல்நிலையை அதுதான் சொல்லும். நுனி இளம்பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ மெக்கானிக்கிடம் காட்டுவது அவசியம்.

புது பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜால் கையேட்டின் அளவுக்குச் சரிபார்த்து, கையாலேயே மரையேற்ற வேண்டும். கை நின்றபின் ஸ்பானரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல் போதும்.

ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனி காயில் அமர்ந்திருக்கும் இன்றைய கார்களில் மாற்றுவதற்குப் பிளக் வயரே கிடையாது.