பாடத்தில் கொன்றை, வாசலில் மஞ்சப்பூ

எழுத்துக் கூட்டத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளை மனப்பாடம் செய்யும் முதல் இரண்டு நூல்களும் பூவின் பெயரில் தொடங்குபவை. ஒன்று ஆத்திசூடி, மற்றது கொன்றை வேந்தன். இரண்டையும் செய்தவர் ஔவையார். அதியமானைப் பாடிய சங்க கால ஔவையார் அல்லர். பல நூற்றாண்டு கழித்து வந்த நீதிநூல் ஔவையார். கடவுள் வாழ்த்தின் முதற்சொற்களே நூலுக்கும் பெயராகிவிட்டன. ஆத்திப்பூவைச் சூடியவன், கொன்றை மாலை அணிந்த வேந்தன் என இரண்டு பெயரும் சுட்டுவது சிவனைத்தான். வணக்கம் என்னவோ அவருடைய மூத்த பிள்ளைக்கு.

கொன்றை வேந்தனில் மொத்தம் 91 அடிகள். உயிரெழுத்தில் தொடங்கி, ககர வரிசை, சகர வரிசை என்று அகர முறையில் போகும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகியவர்களும் சரி, வண்ணப்படம் போட்ட பாடநூலைப் பையில் சுமப்பவர்களும் சரி, வாய்விட்டுச் சொல்லித்தான் இதைக் கற்றார்கள். அதனால் கொன்றை என்ற சொல்லைக் கேட்டிராத தமிழர் குறைவு. மரத்தைக் காட்டு என்றால்தான் பலர் விழிப்பார்கள்.

எங்கள் பள்ளியில் அந்த மரம் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி நின்றது. மற்ற மாதங்களில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பங்குனி வெயில் ஏற ஏற இலையைக் கொட்டிவிட்டு, முழுப் பரீட்சை நெருங்கும்போது உச்சிமுதல் அடிவரை மஞ்சளாகத் தொங்கும். 'மஞ்சப்பூ மரம்' என்போம், அவ்வளவுதான். சைக்கிள் சீட்டில், கேரியரில், பரீட்சை அட்டையில் எல்லாம் இதழ் கிடக்கும். பரீட்சை எழுதி வெளியே வந்து, எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் தேறும் என்று கணக்குப் போட்டதும் அதன் அடியில்தான். காய் கீழ்வகுப்புப் பையன்களின் சொத்து. முழங்கை நீளத்துக்குக் கறுத்த உருளையாக இருக்கும் அது அவர்களுக்கு வாள். நன்றாகக் காய்ந்ததை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். உடைத்தால் அறை அறையாகத் தடுப்பு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு விதை, சுற்றிலும் பிசுபிசுவென்று கறுப்புக் கூழ். சட்டையில் பட்டுவிட்டால் வீட்டில் நிச்சயம் திட்டு விழும்.

அதே பள்ளியில்தான் தமிழ் ஐயா கொன்றை வேந்தனை வகுப்பே அதிரச் சொல்லவைத்தார். மேல்வகுப்பு வந்தபோது தாவரவியல் டீச்சர் அதே மரத்துப் பூவை ஆளுக்கொன்று கொடுத்து, பிளேடால் நெடுக அறுத்துப் படம் வரையச் சொன்னார். நோட்டில் 'கேஸியா ஃபிஸ்டுலா' என்று எழுதினோம். இதழ் ஐந்து, மகரந்தத் தாள் பத்து. பத்தும் ஒரே அளவில் இல்லை. மூன்று நன்றாக நீண்டு வில்லாக வளைந்திருக்கும், நான்கு நடுத்தரம், மிச்சம் மூன்று குட்டையாக, மகரந்தம் தராமல் ஒதுங்கி நிற்கும். அந்த மூன்று வளைவும் படத்தில் சரியாக விழுந்தால்தான் டீச்சர் கையெழுத்துப் போடுவார்.

ஆக, ஒரு வளாகத்தில் ஒரு மரத்துக்கு மூன்று பெயர்கள். தமிழ் வகுப்பு, ஆய்வகம், சைக்கிள் ஸ்டாண்டு மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பெயர்கள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. சித்திரையில் எந்தத் தெருவோரத்தில் அந்த மஞ்சளைக் கண்டாலும் எனக்குப் பரீட்சை அட்டை நினைவுக்கு வருகிறது. கூடவே, அந்த மூன்று பெயர்களின் பூர்விகத்தைத் தேடிப் பார்க்கும் ஆசையும் வருகிறது.

மூத்தது கொன்றைதான். புறநானூறு, அகநானூறு இரண்டின் கடவுள் வாழ்த்தும் சிவன் அணிந்த கொன்றையில்தான் தொடங்குகின்றன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களின் நீண்ட வரிசையில் கொன்றை வருகிறது, தொங்கும் கொத்து என்ற அடைமொழியோடு. அதை அடுத்து அடும்பு, அதற்கடுத்து ஆத்தி. பின்னாளில் பிள்ளைகளின் முதற்பாடத்துக்குப் பெயர் தந்த இரண்டு பூவும் அங்கே ஒரு பூ இடைவெளியில் நிற்கின்றன. குறுந்தொகையில் பிள்ளைகளே வருகிறார்கள். 148ஆம் பாடலில், செல்வர் வீட்டுக் குழந்தைகளின் சின்னக் காலில் கிடக்கும் பொற்கிண்கிணிக் காசுக்குக் கொன்றை அரும்பு ஒப்பாகிறது. சரத்தின் நுனியில் விரியாமல் உருண்டு நிற்கும் மொட்டை உற்றுப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு துல்லியம் என்று தெரியும். கொத்து காம்புப் பக்கமிருந்து மலர்ந்துகொண்டே வரும். நுனி கடைசிவரை மொட்டாகவே இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. சங்கப் புலவர்களுக்குக் கொன்றை கார்காலப் பூ. முல்லைத் திணையின் தலைவன் கார் தொடங்குமுன் திரும்புவதாகச் சொல்லிப் போகிறான்; கொன்றை பூத்துவிடுகிறது; அவன் வரவில்லை. குறுந்தொகை 21ஆம் பாடலில் தலைவி, காடே கொன்றை பூத்துக் கார் வந்தது என்று சொன்னாலும் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லாதவர் என்கிறாள். 66ஆம் பாடலில் தோழி பழியை மரத்தின்மேல் போடுகிறாள்: காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்ட அறிவற்ற மரம் இது என்று. நாம் பார்க்கும் மரமோ பங்குனியிலிருந்து ஆனிவரை கோடையில் கொட்டுகிறது. அப்படியானால் சங்கக் கொன்றையும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றுதான் என்பேன். பொன்னிறம், தொங்கும் கொத்து, காசு போன்ற அரும்பு ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்துவது சரக்கொன்றைக்குத்தான். பருவமும் முழுக்க முரண்படவில்லை. கோடையில் பூத்து ஓய்ந்த மரம், மழை கண்டதும் ஆவணி புரட்டாசியில் மறுபடி சில சரம் விடுவதுண்டு. மழைக்கு ஏமாந்து பூக்கும் மரம் என்று தோழி சொன்னது வெறும் சமாதானம் அல்ல. மரத்தின் குணம் தெரிந்த பேச்சு.

நான்காவது சான்று காய். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக் குழல் வருகிறது. கொன்றைப் பழத்தைக் குடைந்து செய்த குழல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பையன்கள் வாளாகச் சுழற்றிய அதே காய்தான். அந்தக் கறுப்புக் கூழையும் தடுப்புகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீண்ட குழாய். லத்தீனில் ஃபிஸ்டுலா என்றாலும் குழாய், குழல்தான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்த மரத்துக்குப் பெயர் எழுதியபோது மருந்துக் கடைக்காரர்களிடம் ஏற்கெனவே புழங்கிய பெயரையே எடுத்துக்கொண்டார். இடையர் ஊதியதையும் ஐரோப்பிய மருந்துக் கடைக்காரர் விற்றதையும் ஒரே வடிவம் பெயரிட்டிருக்கிறது. கேஸியா என்ற முன்பாதிக்கு வேறு கதை. அது செமிட்டிக் மொழியிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது. முதலில் குறித்தது லவங்கப்பட்டை வகையை. சுருண்ட பட்டைக்கு வைத்த பெயர் நாளடைவில் உருண்ட காய்க்கு இடம் மாறிவிட்டது. காயின் கூழ் மலமிளக்கி என்பதால் நம் சித்த மருத்துவத்திலும் அதற்குத் தனி இடம் உண்டு. சரக்கொன்றைப் புளி என்று பெயர்.

சொல்லின் ஓசையும் ஊருக்கு ஊர் மாறியது. தமிழின் 'ன்ற' மலையாளத்தில் 'ன்ன' ஆகும்: ஒன்று ஒன்னு, குன்று குன்னு, கன்று கன்னு. அதே கணக்கில் கொன்றை அங்கே கொன்ன. நம் பேச்சிலும் கொன்னைதான். எழுதும்போது மட்டும் றகரம் திரும்பி வருகிறது. கேரளத்தின் மாநிலப் பூ இதுவே. விஷுவன்று விடியற்காலையில் கண்விழித்துக் காணும் கணியில் இந்தப் பூ இல்லாமல் இருக்காது; அதனால் கணிக்கொன்ன. பெயரைப் புத்தகத்தில் படிக்கும் அவசியம் அங்கே பிள்ளைகளுக்கு இல்லை. ஆண்டுக்கொரு முறை வீட்டிலேயே பூவும் பெயரும் சேர்ந்து வந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் அந்த வேலையைக் கோயில் செய்தது. அச்சிறுபாக்கம், பந்தநல்லூர் போன்ற ஊர்களில் கொன்றையே தலமரம்.

வேந்தன் என்ற சொல்லுக்கும் ஒரு துணை உண்டு. வடமொழியில் இந்த மரத்துக்கு ராஜவிருட்சம் என்று ஒரு பெயர். அதுவே கடல் கடந்து தாய்லாந்தில் ராச்சப்ரூக் ஆகி, 2001இல் அந்நாட்டின் தேசியப் பூவாக அறிவிக்கப்பட்டது. இங்கே பூவைச் சூடியவர் வேந்தர். அங்கே மரமே அரசர்.

கொன்றை என்ற சொல் தன் மரத்தோடு நிற்கவும் இல்லை. நிகண்டுகள் இதே மரத்துக்குத் தந்த இதழி, கடுக்கை, தாமம் எல்லாம் வழக்கிறந்தன. கொன்றை மட்டும் தழைத்து, வந்தேறி மரங்களுக்கும் குடும்பப் பெயரானது. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோஹரைச் செம்மயிற்கொன்றை என்றோம். வேலியோரம் வளரும் சிறு செடி மயில்கொன்றையானது. புதியவர்கள் வந்தபின் பழையதைப் பிரித்துக் காட்டச் 'சரம்' சேர்த்துச் சரக்கொன்றை என்பது தேவைப்பட்டது. வெறும் கொன்றை என்றிருந்ததே இன்று அடைமொழி இல்லாமல் அடையாளம் தெரியாத நிலை.

இந்தத் தாராளத்துக்கு ஒரு விலையும் உண்டு. வெப்ப மண்டல அமெரிக்காவைச் சேர்ந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மரத்தை வயநாட்டிலும் நீலகிரியிலும் மஞ்சக்கொன்னை என்கிறார்கள். அழகுக்கும் நிழலுக்கும் நட்டது, முதுமலைக் காட்டுக்குள் புகுந்து, மான் மேயும் புல்லையும் உள்ளூர் மரக்கன்றுகளையும் தலையெடுக்க விடாமல் செய்துவிட்டது. வனத்துறை அதை வெட்டி அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்புகிறது. பெயரை மட்டும் கேட்பவருக்கு, சிவன் தலைக்குரிய பூமரத்தை ஏன் வெட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும். தொலைவிலிருந்து பார்த்தால் மஞ்சளும் மஞ்சளும் ஒன்றுபோலிருக்கும். கிட்டத்தில் போனால் வேறுபாடு தெரியும்: சரக்கொன்றையின் கொத்து சரமாகக் கீழே தொங்கும், மற்றதன் கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும். கபிலர் தொங்கும் கொத்து என்று சொன்னது இன்றைக்கு வனக்காவலருக்கும் உதவும் அடையாளம்.

இத்தனை நூற்றாண்டும் கொன்றை என்ற சொல் பிழைத்தது பிள்ளைகளின் வாயில். மரம் பிழைத்தது கோயில் பிராகாரத்திலும் பள்ளி மைதானத்திலும் சாலையோரத்திலும். இரண்டும் கைகோக்க வாய்ப்புள்ள இடம் பள்ளிக்கூடம்தான். இப்போது பல பள்ளிகளில் மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். தாவரவியல் பெயர் இருக்கிறது, நல்லது. தமிழ் ஐயாக்கள் கொன்றை வேந்தன் பாடத்தைப் பூப்பருவத்தில் ஒருமுறை திருப்பி, வகுப்பை அந்த மரத்தடிக்குக் கூட்டிப் போகலாம். 91 அடியையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, அந்த நூலின் முதற்சொல் வாசலில் பூத்து நிற்கிறது என்று தெரிவதால் பாடச்சுமை ஒன்றும் கூடிவிடாது.