பெயர் எழுத ஓர் இடம்

தியானப் பகுதி: ரோமர் 16:1-23



டிசம்பர் மாதம் நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு பதற்றமும் தலைகாட்டுகிறது. யாருக்கெல்லாம் வாழ்த்து அனுப்ப வேண்டும், யாரை மறந்துவிட்டோம், அனுப்பாவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று மனம் அலைபாய்கிறது. இந்தப் பதற்றத்துக்கு வயது அதிகம். அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையே இதிலிருந்துதான் தோன்றியது.

1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தூரத்துக்கேற்பக் கட்டணம் கூடியது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதைச் செலுத்தினார். இப்போது நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம் என்றானதும் கடிதங்கள் பெருகின. அத்திட்டம் உருவாக உழைத்தவர்களுள் ஒருவர் ஹென்றி கோல். சில ஆண்டுகளுக்குள் அவருடைய மேசையிலேயே பதில் எழுதப்படாத கடிதங்கள் குவிந்தன. பதில் எழுதாமல் விடுவது மரியாதைக் குறைவு, எழுதவோ நேரமில்லை. ஆகவே 1843ஆம் ஆண்டு தம் நண்பரான ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் ஓர் அட்டை வரைந்து தரும்படி கேட்டார்.

சுமார் 1000 அட்டைகள் அச்சாயின. நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கிறது. ஒருபுறம் ஏழைகளுக்கு உணவும் மறுபுறம் உடையும் கொடுக்கப்படுகின்றன. தாம் பயன்படுத்தியவை போக எஞ்சியவற்றை அவர் ஓர் அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கு விட்டார். அதாவது தபால் செலவைப்போல் 12 மடங்கு. படத்தில் சிறு பிள்ளையும் திராட்சரசம் அருந்துவதைக் கண்டு மதுவிலக்கை வலியுறுத்தியோர் முகம் சுளித்தார்கள். எனக்கோ அந்த அட்டையில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. வாழ்த்து வாசகம் அச்சாகியிருந்தது. ஆனால் மேலே பெறுபவரின் பெயருக்கும், கீழே அனுப்புபவரின் பெயருக்கும் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. அந்த இரண்டு பெயர்களை மட்டும் கையால்தான் எழுத வேண்டும்.

நம் நாட்டிலும் 1854ஆம் ஆண்டு, தூரம் பாராமல் கால் தோலா எடைக்கு அரை அணா என்ற சீரான கட்டணம் வந்தது. 1879ஆம் ஆண்டு காலணா கார்டு வந்தது. வாழ்த்து அட்டைகளோ நம் பேரையூருக்குத் தெற்கே, அதிகத் தொலைவில் இல்லாத சிவகாசியிலிருந்து வந்தன. 1922ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகங்கள் எழுந்தன. பின்பு அதே அச்சகங்களிலிருந்து நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் வெளிவந்தன. கரும்பும் பொங்கல் பானையும் அச்சிட்ட அட்டைகளும், முன்னணையும் நட்சத்திரமும் அச்சிட்ட அட்டைகளும் ஒரே கடையில் அடுத்தடுத்துத் தொங்கியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். உறையின் வாயை ஒட்டாமல் உள்ளே மடக்கி அனுப்பினால் தபால் தலைக்குச் செலவு குறைவு என்பதும் நினைவிருக்கும்.

என் தாயார் முகவரிகளுக்கென்று ஒரு பழைய நோட்டு வைத்திருந்தார்கள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அதைத் திறப்பார்கள். நாளொன்றுக்கு ஐந்து பெயர்கள் மட்டுமே. எழுதி முடித்ததும் அந்த ஐந்து வீடுகளுக்காகவும் ஜெபிப்பார்கள். அவர்கள் பரபரத்து நான் கண்டதில்லை.

நானோ சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஒரே படத்தைக் கைப்பேசியில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும், தனியாக வாழும் வயதான தாயார் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இந்த வருஷம் உங்க கார்டு வரலையே, என்னை மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். அவரிடம் கைப்பேசி இல்லை. நான் அனுப்பிவந்த அட்டைகளை அவர் வேதாகமத்துக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்ததை அன்றுதான் அறிந்தேன். என்னிடம் பதில் இல்லை.

அப்போஸ்தலனாகிய பவுல் தாம் அதுவரை சென்றிராத ரோமாபுரிக்கு நிருபம் எழுதினார். ஆழ்ந்த உபதேசங்களை எழுதி முடித்த பின்பு, 20க்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, எப்பனெத்து, பெர்சியாள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. ரூபுவின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார். இவ்வளவையும் அவர் தம் கையால் எழுதவில்லை. தெர்தியு எழுதினான், தன் வாழ்த்தையும் சேர்த்துக்கொண்டான். உதவி பெறுவதில் குறைவில்லை. பெயர்கள் மறக்கப்படவில்லை என்பதே முக்கியம்.

ஆகவே அன்பானவர்களே, இவ்வாண்டு பட்டியலைச் சுருக்குங்கள், பெயர்களைச் சுருக்காதீர்கள். கைப்பேசியில் வாழ்த்துவது தவறன்று. அங்கும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அட்டைகளை, கைப்பேசி இல்லாதவர்களுக்கும், இவ்வாண்டு துக்கம் கண்ட வீடுகளுக்கும் முதலில் எழுதுங்கள். நாளொன்றுக்கு ஐந்து போதும். பிள்ளைகள் உறைமேல் முகவரி எழுதட்டும். ஆறு இலக்கப் பின்கோடையும் மறவாமல் எழுதட்டும். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள். விடுபட்டவர் இருந்தால் கலங்க வேண்டாம். பண்டிகை முடிந்த பின் வரும் வாழ்த்தும் வாழ்த்துதான்.

அந்தத் தாயாருக்கு நான் ஜனவரியில் எழுதினேன். அதுவும் அவருடைய வேதாகமத்துக்குள் இருக்கிறது.

ஜெபம்: எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரே, நாங்கள் மறந்த பெயர்களை எங்களுக்கு நினைப்பூட்டும். ஆமென்.